வெளியாள் வராத வீடு: வீணை எஸ். பாலச்சந்தர்

கொலை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நல்லவர்கள் நம்மிடையே உண்டு. எறும்பை மிதிக்கவும் அஞ்சுவார்கள். ஆனால் கொலைக் கதை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அவர்களே உணவை மறப்பார்கள், உறக்கத்தை மறப்பார்கள், கடைசிப் பக்கத்தைக் காணாமல் விளக்கை அணைக்க மாட்டார்கள். இந்த விந்தையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே பேச விரும்புவது அதனுள் அடங்கிய இன்னொரு விந்தையைப் பற்றி. கொலைக் கதைகளிலும், ஆள் அரவமற்ற இடத்தில் நடப்பவை நம்மை மேலும் இறுகப் பற்றிக்கொள்கின்றனவே, அது ஏன்?

கடலால் சூழப்பட்ட தீவு, ஊரை விட்டு விலகி நிற்கும் மாளிகை, பனியில் சிக்கி நின்றுவிட்ட இரயில், ஆற்றின் நடுவே மிதக்கும் கப்பல் ஆகியவையே இக்கதைகளின் களங்கள். ஆங்கில நாட்டு அகதா கிறிஸ்டி அம்மையார் 1934இல் இரயிலையும், 1937இல் நைல் நதிக் கப்பலையும், 1939இல் தீவையும் எடுத்துக்கொண்டு மூன்று புகழ்பெற்ற நாவல்களைப் படைத்தார். தீவுக் கதையில் பத்துப் பேர் ஒரு மாளிகைக்கு வருகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக மடிகிறார்கள். படகு இல்லை, காவலர் இல்லை, கூவினாலும் கேட்பார் இல்லை. எஞ்சி நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்தப் பார்வை இருக்கிறதே, அதுதான் கதை.

தனிமை தரும் அச்சமே இக்கதைகளின் கவர்ச்சி என்று சிலர் கூறுவர். அச்சம் மட்டுமே காரணமென்றால் பேய்க் கதைகள் போதுமே! எனக்குத் தோன்றுவது வேறு. ஒதுங்கிய இடத்தில் வெளியாள் என்று ஒருவன் இல்லை. எவனோ வழிப்போக்கன் வந்து செய்துவிட்டான் என்று சொல்லித் தப்ப வழியில்லை. குற்றவாளி இங்கே, இந்தக் கூடத்தில், நம்மோடு உட்கார்ந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கிறான். வேறு எந்தக் கதையும் நம்மைப் பார்க்கவைக்காத இடத்தை, நம் பக்கத்து நாற்காலியை, இக்கதை பார்க்கவைக்கிறது. இதுவே அதன் வலிமை என்பது என் துணிபு.

இந்த வலிமையைத் தமிழ்த் திரையில் நன்கு அறிந்து பயன்படுத்திய கலைஞர் ஒருவர் இருந்தார். அவரைப் பெரும்பாலோர் வீணை வித்துவானாகவே அறிவர். அவர்தாம் எஸ். பாலச்சந்தர். மர்மக் கதைக்கும் வீணைக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு என்பதைக் காட்டவே அவர் வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே சொல்லப் புகுகிறேன்.

இசை நிறைந்த இல்லம்

பாலச்சந்தர் 1927ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். ஆயினும் நெஞ்சமெல்லாம் இசை. மயிலாப்பூரிலிருந்த அவர்கள் இல்லத்துக்குப் பாபநாசம் சிவன் போன்ற பெரியோர் வந்து போவார்கள். தமையனார் எஸ். ராஜம் பாடகர், பின்னாளில் ஓவியர் என்றும் பெரும் புகழ் பெற்றவர். இசை மூர்த்திகளை எண்ணும்போது நம் கண்முன் எழும் ஓவியங்களுள் பல அவர் வரைந்தவையே. இத்தகைய வீட்டில் பிறந்த குழந்தை சும்மா இருக்குமா? கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பார்த்தது. முதலில் அகப்பட்டது கஞ்சிரா.

1934இல் பிரபாத் நிறுவனத்தார் தமிழில் 'சீதா கல்யாணம்' என்ற படத்தை எடுத்தனர். அப்படத்தில் இந்தக் குடும்பமே நடித்தது. ராஜம் இராமனானார், சகோதரி ஜெயலட்சுமி சீதையானார், தந்தையார் சனகரானார். சின்னஞ்சிறு பாலச்சந்தர் இராவணனுடைய அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். பாபநாசம் சிவன் திரையிசைக்கு வந்ததும் அந்தப் படத்தின் வழியாகத்தான். தமிழ்ப் பேசும்படம் பிறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஆகவே பாலச்சந்தருக்குத் திரைப்படமும் இசையும் ஒரே தொட்டிலில் கிடைத்தன என்று சொல்லலாம்.

கஞ்சிராவுக்குப் பின் தபலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா, சித்தார் என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. எதற்கும் முறையான ஆசிரியர் இல்லை. கேட்பார், தொடுவார், தவறுவார், மீண்டும் தொடுவார். இளம் வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். அங்கேதான் வீணையின்பால் அவர் மனம் சென்று ஊன்றியது. வீணையையும் குருவின்றியே கற்றார். குருவின்றிக் கற்ற வித்தையைச் சபைகள் எளிதில் ஏற்பதில்லை. எந்தப் பரம்பரை, யாருடைய சீடர் என்ற கேள்வி முதல் வரிசையிலிருந்தே எழும். அக்கேள்விக்கு விடையளிக்க அவரிடம் பெயர் ஒன்றும் இல்லை. வாசிப்பு ஒன்றே இருந்தது.

திரையில் துப்பு

1940களின் இறுதியில் அவர் மீண்டும் திரைக்கு வந்தார். 1948இல் 'இது நிஜமா' என்ற படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' என்ற படத்தைத் தாமே இயக்கினார். அப்போது அவருக்கு வயது 21. நம்மில் பலர் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டையே ஒழுங்காக எழுதி முடிக்காத வயது! 1951இல் 'கைதி' என்ற படத்தை இயக்கினார். அதே ஆண்டில் 'ராஜாம்பாள்' படத்தில் நடித்தார். இந்த ராஜாம்பாள், ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய நாவலிலிருந்து பிறந்தது. நம் தாத்தாக்களுக்கும் பாட்டிமார்களுக்கும் துப்பறியும் கோவிந்தனை அறிமுகப்படுத்திய அந்த நாவல், தமிழில் இவ்வகைக் கதைகளுக்கு வழி திறந்தவற்றுள் ஒன்று. ஆக, தமிழ்த் துப்பறியும் கதையின் பழைய ஊற்றிலேயே அவர் கை நனைத்துவிட்டார்.

இந்நிலையில் ஒரு திரைப்பட விழாவில் அவர் சப்பானியப் படம் ஒன்றைக் கண்டார். அகிரா குரோசாவா 1950இல் எடுத்த 'ராஷோமோன்' அது. அடர்ந்த காட்டில் ஒருவன் இறந்து கிடக்கிறான். அங்கே நடந்ததைக் கள்வன் ஒருவிதமாகச் சொல்கிறான். இறந்தவனின் மனைவி வேறுவிதமாகச் சொல்கிறாள். விறகுவெட்டி மற்றொரு விதமாகச் சொல்கிறான். இறந்தவனுடைய ஆவியே வந்து சாட்சி சொல்கிறது, அதுவும் பிறவற்றோடு ஒட்டவில்லை. காடு அறியும், ஆனால் காடு பேசாது. ஒதுங்கிய இடத்துக் கொலையில் மனிதனுடைய சொல் ஒன்றே சான்று, அந்தச் சொல்லோ தன்னலத்தால் வளைந்தது என்ற உண்மையை அப்படம் உலகுக்குக் காட்டியது.

அப்படம் பாலச்சந்தரை உலுக்கிவிட்டது. அதே முறையில் ஒரு நாடகம் எழுதினார். வானொலி அதை ஏற்கவில்லை. பிறகு அதையே திரைக்கதைக்கு உரிய கருவாகக் கொண்டு ஏவி. மெய்யப்பச் செட்டியாரை அணுகினார். செட்டியார் இசைந்தார். ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். இவ்வாறு உருவாகி 1954 ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்த படமே 'அந்த நாள்'.

பாட்டில்லாத படம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், சப்பானிய விமானம் ஒன்று சென்னைமீது குண்டு வீசியது நண்பர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அந்த நாளை ஒட்டிக் கதை நிகழ்கிறது. ராஜன் என்ற வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். படம் தொடங்கியதும் முதலில் விழுவது அவன்தான். அவனாக நடித்தவர் யார்? சிவாஜி கணேசன்! 'பராசக்தி' வந்து இரண்டாண்டே ஆன நேரம். தமிழகம் கொண்டாடும் கதாநாயகனைத் திரை விலகியதும் சுட்டு வீழ்த்திவிட்டுப் பின் கதையைச் சொல்லும் துணிவு இருபத்தேழு வயது இளைஞருக்கு இருந்தது.

வீட்டைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறார்கள்: இறந்தவனின் மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அவனோடு தொடர்புடைய இன்னொரு பெண், பக்கத்து வீட்டுக்காரர். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக ஜாவர் சீதாராமனே வருகிறார். கேட்கப்பட்ட ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டுகிறார்கள். ஒவ்வொருவர் கூற்றிலும் இறந்தவன் வேறு மனிதனாகத் தெரிகிறான். கொன்றது யார் என்று தேடப் புறப்பட்ட நாம், இறந்தவன் யார் என்ற பெரிய கேள்வியில் வந்து நிற்கிறோம். முடிவை நான் சொல்லப் போவதில்லை. துப்பறியும் கதையின் முடிவைச் சொல்வதும் ஒருவகைக் கொலைதான்!

இது தீவில் நடக்கும் கதையன்று. சென்னை நகரின் நடுவில் நடப்பது. ஆயினும் போர் அச்சத்தால் நகரமே நடுங்கிக் கிடந்த நேரத்தில் அந்த வீடு தீவாகிவிடுகிறது. மதிலும் கடலும் இல்லாமலே ஒரு வீட்டைத் தனிமைப்படுத்திக் காட்டியதில் பாலச்சந்தரின் கெட்டிக்காரத்தனம் விளங்குகிறது.

இன்னொன்று உண்டு. அந்தப் படத்தில் பாட்டே இல்லை. நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பத்துப் பாட்டுக்குக் குறைந்தால் படமா என்று கேட்ட காலத்தில், நாடி நரம்பெல்லாம் இசை ஓடிய ஒருவர், தமிழின் முதல் பாடலற்ற படத்தை எடுத்தார். ஏன்? மூடிய வீட்டுக் கதையில் பாட்டு என்பது திறந்த சன்னல். பாட்டு வந்ததும் மனம் தோட்டத்துக்குப் போய்விடும், நிலவுக்குப் போய்விடும், அந்த ஐந்து முகங்களை மறந்துவிடும். மறக்கவிடக் கூடாது என்று சன்னலை அவர் சாத்திவிட்டார். தனக்கு மிக இனியது எதுவோ அதையே கதையின் பொருட்டுத் துறந்தார். அறிஞர்கள் பாராட்டினார்கள், அரசு தகுதிச் சான்று வழங்கியது. கொட்டகைகளில் மட்டும் கூட்டம் நிறையவில்லை. இன்று தமிழ்ப் படங்களின் வரலாற்றை எழுதுபவர் எவரும் அதைத் தாண்டிச் செல்ல முடியாது.

அப்படத்தில் ராஜனின் மனைவி உஷாவாக நடித்த பண்டரிபாய் கன்னட நாட்டவர் என்பதை இந்நகரில் வாழும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். அதே 1954இல் ராஜ்குமாருடைய முதல் பெரும்படமாகிய 'பேடர கண்ணப்ப'விலும் அவர் நடித்தார். கன்னடத் திரைக்கும் தமிழ்த் திரைக்கும் நடுவே அன்று சுவர் இருக்கவில்லை.

விடுதியில் ஒரு காட்சி

'அந்த நாள்' படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது கொட்டகையில் அன்று. இதே பெங்களூரில், எங்கள் விடுதி அறையில், மடிக்கணினியின் சிறு திரையில். எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு, கொலை செய்தவர் யார் என்று எல்லாரும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்தோம். படம் முடிந்ததும் பிரித்துப் பார்த்தால், எட்டில் மூன்று தாள்களில் இருந்த விடை என்ன தெரியுமா? படத்தில் வராத யாரோ ஒரு திருடன்! ஐந்து முகங்கள் கண்முன் நிற்கும்போது ஆறாவதாக ஒரு வெளியாளை என் நண்பர்கள் படைத்துக்கொண்டார்கள். அறிந்தவரைக் குற்றவாளியாக எண்ண மனம் அத்துணை கூசுகிறது.

சிரித்துவிட்டு உறங்கப் போனோம். ஆனால் அதே திங்களில் எங்கள் தளத்தில் ஒருவருடைய கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. அவருடைய தந்தையார் பரிசாக வாங்கித் தந்தது. உடனே கண்கள் எல்லாம் ஒருவன்மேல் போய் நின்றன. தண்ணீர்க் குடுவை சுமந்து மாடிக்கு வரும் இளைஞன் அவன். வெளியூர், வேலைக்கு வந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. அவனை நிறுத்திச் சட்டைப் பையைச் சோதித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. கைகளை உயர்த்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள் கடிகாரம் கிடைத்தது. அதை உரியவருக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றிருந்தவர், இரண்டு அறை தள்ளி வசித்த அவருடைய நண்பரே. நேர்முகத் தேர்வுக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டுத் திருப்பித் தர மறந்தாராம். விளையாட்டாகவே முடிந்தது. ஆனால் அந்தத் தண்ணீர்க்கார இளைஞன் மறு வாரம் வேலையை விட்டுப் போய்விட்டான். அவனுக்கு அது விளையாட்டாக இருந்திராது.

இதை நான் யாரையும் இழித்துரைக்க எழுதவில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்குப் புதியவன் மேல் விழும் முதல் பார்வை எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரு பொருள் தொலைந்தால் புதுக் குடித்தனக்காரன்மேல் ஐயம். தெருவில் சச்சரவு என்றால் அயலூரான்மேல் ஐயம். மூடிய வீட்டு மர்மக் கதை இந்தப் பழக்கத்தைத் தலைகீழாகத் திருப்புகிறது. அயலானைக் கதையிலிருந்தே நீக்கிவிட்டு, இப்போது தேடு என்கிறது. அதனால்தான் அக்கதை வெறும் பொழுதுபோக்கு அன்று என்கிறேன்.

பொம்மையும் நள்ளிரவும்

பாலச்சந்தர் 1962இல் 'அவனா இவன்' என்ற படத்தைத் தந்தார். 1964இல் 'பொம்மை' வந்தது. ஒருவரைக் கொல்ல வேண்டி நடக்கும் பேசும் பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டு வைக்கப்படுகிறது. பொம்மையோ குறித்த இடத்துக்குப் போகாமல் ஊர் முழுவதும் கை மாறிக் கை மாறிச் செல்கிறது. 'அந்த நாள்' படத்தில் கொலை ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. 'பொம்மை'யிலோ கொலை தெருவெல்லாம் நடந்து திரிகிறது. ஒரே கலைஞர் மர்மத்தின் இரு எல்லைகளையும் சோதித்துப் பார்த்தார். கே. ஜே. யேசுதாஸ் தமிழில் தொடக்க காலத்தில் பாடிய படங்களுள் இதுவும் ஒன்று. இசையமைத்தவரும் பாலச்சந்தரே.

1970இல் வெளிவந்தது 'நடு இரவில்'. கிறிஸ்டி அம்மையாரின் தீவுக் கதையைத் தழுவி, தமிழ்க் குடும்பத்துக்கு ஏற்ப மாற்றி எடுக்கப்பட்டது அது. மேஜர் சுந்தரராஜன் செல்வராக வருகிறார். பண்டரிபாய் அவர் மனைவி. சௌகார் ஜானகியும் உண்டு. பாலச்சந்தர் மருத்துவர் வேடம் ஏற்றார். விலகி நிற்கும் மாளிகை. வாழ்நாள் முடியப்போகும் பணக்காரர். சொத்துக்காகக் கூடும் சுற்றத்தார். பிறகு ஒவ்வொருவராக மடிகிறார்கள்.

ஆங்கிலக் கதையில் தீவுக்கு வருபவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நம்மவர் படத்தில் வருபவர்கள் அண்ணன், தம்பி, மைத்துனி, மருமகன்! இந்த மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே அச்சம் அந்நியரிடம். இங்கே அச்சம் உறவினரிடம். தமிழனுக்குத் தீவு எதற்கு? ஒரு கூட்டுக் குடும்பமும் ஒரு பாகப்பிரிவினையும் போதாவா? ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பவர்கள் மனத்துக்குள் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருப்பதை நாம் கண்டதில்லையா? பாலச்சந்தர் அயல்நாட்டுக் கதையின் உடலை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் வீட்டு உயிரை அதற்குள் வைத்தார். தழுவல் என்பது இப்படி இருக்க வேண்டும்.

ஒரு மெட்டில் பல சுரங்கள்

'நடு இரவில்' படத்தோடு அவர் திரையுலகை விட்டு விலகினார். அப்போது அவருக்கு 43 வயது. எஞ்சிய இருபது ஆண்டுகளும் வீணைக்கே உரியவை. நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் என்று பல கதவுகள் திறந்திருந்த வாழ்க்கையில், ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் தாமே சாத்திக்கொண்டார்.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. மெழுகில் பதித்த அந்த மெட்டுகளின்மேல் விரலை நகர்த்தி வாசிப்பது ஒரு வழி. ஒரே மெட்டில் விரலை நிறுத்தித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரங்களை வரவழைப்பது மற்றொரு வழி. பாலச்சந்தர் இரண்டாவதை எவரும் செல்லாத தொலைவுக்குக் கொண்டு சென்றார். ஒரு மெட்டில் நின்றபடியே ஐந்தாறு சுரங்களை அவர் விரல் கறந்துவிடும். ஒருமுறை மீட்டிய ஒலி ஓய்வதற்குள் ஒரு நீண்ட சொற்றொடரே பாடி முடிந்துவிடும். இடத்தைக் குறுக்கினால் ஆழம் கூடும் என்ற அதே பாடம்தான். வீட்டை மூடிக் கதையை ஆழமாக்கியவர், மெட்டைக் குறுக்கி இராகத்தை ஆழமாக்கினார்.

மைசூர் வீணைப் பரம்பரைக்கு உரியது இந்த மாநிலம். வீணை சேஷண்ணாவின் வழிவந்த அம்மரபைப் பெங்களூர் வானொலியில் பணியாற்றிய தொரேசாமி ஐயங்கார் (1920–1997) அமைதியும் அழகும் குன்றாமல் காத்தார். அவர் வாசிப்பு தெளிந்த நீரோடை. பாலச்சந்தர் வாசிப்பு மழைக்காலத்து அருவி. இரண்டையும் இசைப்பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எது உயர்ந்தது என்ற வழக்கைத் தொடுக்காமல் இரண்டையும் கேட்பவனே பேறுபெற்றவன்.

பாலச்சந்தரின் வீணை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒலித்தது. இசைத்தட்டுகள் பல வெளிவந்தன. 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருதளித்தது. குரு பெயர் கேட்ட சபைகள் வாய் மூடின.

நிழலும் உண்டு

ஒரு பெரியவர் வாழ்க்கையைச் சொல்லும்போது ஒளியை மட்டும் சொல்வது நேர்மையாகாது. துப்பறியும் வேட்கை பாலச்சந்தரைத் திரைக்கு வெளியிலும் விடவில்லை. இசையுலகில் எங்கேனும் பொய்ம்மை இருப்பதாக அவருக்குத் தோன்றினால் கடிதம் எழுதுவார், சான்றுகள் திரட்டுவார், பத்திரிகைகளில் வழக்காடுவார். பாலமுரளி கிருஷ்ணா புதிய இராகங்களைப் படைத்தார் என்ற கூற்றை மறுத்து வாதிட்டார். திருவிதாங்கூர் அரசராக 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளின் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளைப் பற்றியும் பெரும் பூசல் விளைத்தார். அவை அவர் இயற்றியவை அல்ல என்றும் பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னவை என்றும் கூறினார். இசையறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை. அவரோ பின்வாங்கவில்லை. நண்பர்கள் சிலர் விலகினார்கள். மேடைகள் சில கசந்தன.

இதைப் படித்தபோது நான் சற்றே வருந்தினேன். பிறகு ஒன்று விளங்கியது. கதையில் கதாசிரியன் வீட்டை மூடிவிடுகிறான். சந்தேகத்துக்கு உரியவர் ஐவர் என்றால் ஐவரே, ஆறாமவர் இல்லை. சான்றுகள் எல்லாம் அந்த நான்கு சுவருக்குள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளன் எழுந்து விரலை நீட்டினால் அது தவறாது. வரலாறு அப்படிப்பட்ட வீடன்று. அதன் கதவுகள் எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கின்றன. ஓலைகள் அழிந்திருக்கும், சாட்சிகள் மறைந்திருப்பார்கள், நாம் அறியாத ஆறாமவர் எங்கோ இருப்பார். கதையில் வெற்றி தந்த அதே உறுதி, வரலாற்றில் நம்மை வழி தவறவைக்கக்கூடும். மர்மக் கதையின் இனிமையே அது தரும் முடிவான விடையில்தான் இருக்கிறது. வாழ்க்கை அந்த விடையை அவ்வளவு எளிதாகத் தருவதில்லை. ஆகவேதான் நாம் மீண்டும் மீண்டும் அந்தத் தீவுக்கும் மாளிகைக்கும் திரும்பிப் போகிறோம் போலும்.

ஆயினும், பெரிய பெயர்களுக்கு அஞ்சாமல் சான்று எங்கே என்று கேட்ட அந்தக் குணத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. கல்லூரியில் பயிலும் நமக்கு வேண்டிய குணம் அது. கேள்வியை அவரிடமிருந்து கற்போம். விடையில் நிதானத்தை அவர் பட்ட துன்பத்திலிருந்து கற்போம்.

விட்டுச் சென்றது

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில், பாலச்சந்தர் உயிர் நீத்தார். வயது 63. 'அந்த நாள்' வெளிவந்து சரியாக முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்த நாள் அது. அவர் எழுதிய கதையில் இப்படி ஒன்று வந்திருந்தால் துப்பறிவாளர் சிவானந்தம் புருவத்தை உயர்த்தியிருப்பார். இது வெறும் தற்செயலே. காலம் சில சமயம் கதாசிரியனைப் போல் நடந்துகொள்கிறது.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை 2012இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் நம் பெங்களூரைச் சேர்ந்த விக்ரம் சம்பத் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மயிலாப்பூரில் பிறந்த தமிழ்க் கலைஞரின் வாழ்வை இந்நகரத்து இளைஞர் ஒருவர் தேடித் தொகுத்தார். தமிழ் மாணவர்களாகிய நாம் அவ்வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டாமா? அவருடைய படங்களையும் இசைப்பதிவுகளையும் பற்றி நம் சங்கத்திலேயே ஓர் ஆய்வரங்கம் நடத்த வேண்டாமா? செயலாளர் அவர்கள் இதைக் கருதிப் பார்ப்பார்களாக.

தீவும் மாளிகையும் உலகில் சிலவே. நம்மில் பெரும்பாலோர் அங்கே ஒருநாளும் தங்கப் போவதில்லை. ஆனால் நாம் வாழும் இடங்கள் எல்லாம் ஒருவகையில் மூடிய வீடுகளே. விடுதி ஒரு வீடு. வகுப்பு ஒரு வீடு. சங்கம் ஒரு வீடு. நாடும் ஒரு வீடு. அங்கே ஒரு பொருள் காணாமற் போனாலும், ஓர் உண்மை காணாமற் போனாலும், வாசலில் நிற்கும் அயலானை நோக்கி விரல் நீள்வதற்கு முன், உள்ளே இருப்பவர்களை எண்ண வேண்டும். எண்ணும்போது நம்மையும் சேர்த்து எண்ண வேண்டும். எஸ். பாலச்சந்தரின் பாட்டில்லாத அந்தப் படத்தை இதுவரை பாராதவர்கள் ஒருமுறை பாருங்கள். பார்த்தபின் முடிவை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள்!